நெற்றியில் மூன்று கோடு

மற்ற அணிகள் தங்கள் சின்னத்தை ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் ஒட்டும். காதுக்கு மேலே ஒரு கழுகோ கரடியோ வாயைத் திறந்தபடி இருக்கும். என் மகள் விளையாடும் அணி மட்டும் நெற்றியில் ஒட்டியிருந்தது. கருநீல ஹெல்மெட். முகக் கம்பிகளுக்கு மேலே கிடையாக மூன்று வெள்ளைக் கோடுகள். நடுக்கோட்டின் மத்தியில் ஒரு சிவப்புப் பொட்டு.

சைவ வீட்டில் பிறந்த எவருக்கும் அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

யாழ்ப்பாணத்தில் ஒரு தினசரியில் செய்தி திருத்துபவனாக இருந்தவன் நான். எங்கள் மேசையில் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு செய்தி மிகவும் அழகாக வந்து விழுந்தால் அதை அன்றைக்குப் போடமாட்டோம். வைத்திருந்து, வேறொருவரைக் கேட்டுவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவோம். அப்படி வைத்திருந்த செய்திகளில் பாதி அடுத்த நாள் உயிரோடு இருக்காது. சுவிஸில் ஆராவுக்கு வந்த பிறகு பேப்பர் வேலை போய்விட்டது. மருந்துக் களஞ்சியத்தில் பெட்டிகளோடு காலம் போகிறது. பழக்கம் மட்டும் போகவில்லை.

சுவிஸ் பெண்கள் ஒரு அமெரிக்க விளையாட்டு விளையாடுகிறார்கள், அவர்களுடைய நெற்றியில் திருநீறும் பொட்டும் இருக்கின்றன. இது அழகான செய்தி. மிகவும் அழகான செய்தி.

முதலில் வீட்டு நிலவரத்தைச் சொல்லவேண்டும். மகளுக்குப் பத்தொன்பது வயது. தாதித் தொழில் படித்துக்கொண்டு வேலையும் செய்கிறாள். அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடப் போகிறேன் என்று அவள் வந்து நின்றபோது, அந்த ஆட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவரை மற்றவர்கள் மோதி விழுத்துவார்கள் என்பதுதான். மோதும்போது தலையும் மோதும். ஹெல்மெட் எதற்கு என்று யோசித்தாலே போதும்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் விவாதம் வரும், அவள் என்னைவிட நன்றாக விவாதிப்பாள். "அம்மா என்ன சொல்லுறாவோ அது" என்று மனைவியிடம் தள்ளிவிட்டேன். மனைவி ஒருநாளும் சம்மதிக்கமாட்டாள் என்பதில் எனக்குக் கொஞ்சமும் ஐயம் இல்லை. அவள் பிள்ளையைச் சைக்கிள் ஓடவே ஒரு வருடம் விடாதவள்.

மகளும் அதை ஏற்றுக்கொண்டாள். "அம்மா ஓம் எண்டால் விளையாடுவன். இல்லையெண்டால் கழகம் தந்த சாமான் பையைத் திருப்பிக் குடுத்திடுவன்" என்றாள். ஆக, எல்லாம் மனைவியின் ஒரு சொல்லில் நின்றது. மனைவி முதலில் சொன்னது இது: பயிற்சிக்குப் போகலாம், மோதுகிற ஆட்டம் வேண்டாம்.

பிறகு ஒருநாள், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எதிர்பாராத நேரத்தில் சொன்னாள்:

"அவள் விளையாடட்டும் அப்பா."

நான் நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் மனைவி என்னை 'அப்பா' என்றுதான் கூப்பிடுவாள்.

"ஹெல்மெட்டில திருநீறும் பொட்டும் கிடக்கு. அது காப்பாத்தும்."

அவ்வளவுதான். குழம்பு வேண்டுமா என்று கேட்டாள். நான் வேண்டும் என்றேன். ஆனால் அந்த விளக்கம் என் தொண்டையில் நின்றது. கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறவள்தான். ஆனால் காய்ச்சல் வந்தால் திருநீற்றையும் பூசி, மாத்திரையையும் தருகிறவள். வெறும் சின்னத்தை நம்பிப் பிள்ளையை மோதவிடுகிற ஆள் அல்ல. யாரோ அவளை நம்பவைத்திருக்கிறார்கள். யார் என்று யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை.

அந்தக் கோடை முழுக்க மகள் விளையாடினாள். நான் ஒரேயொரு ஆட்டத்துக்குப் போய்த் தூரத்தில் நின்று பார்த்தேன். ஹெல்மெட்டைக் கிட்டத்தில் பார்க்கக் கிடைக்கவில்லை. அது எப்போதும் நிலவறையில், பைக்குள் இருந்தது.

இலையுதிர் காலத்தில் கழகத் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். காப்புறுதி வேலை செய்யும் இளைஞர், கோடை முடிவில்தான் தலைவராக வந்தவர். கூரை வேலை செய்யும் நிறுவனம் ஒன்று அணிக்குப் புதிய ஹெல்மெட்டுகளை இலவசமாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறது. அதற்கு ஒரு நிபந்தனை: பக்கங்களில் நிறுவனத்தின் காட்டுப்பன்றி இருக்கவேண்டும், நெற்றியில் ஒன்றும் இருக்கக்கூடாது. சில வீராங்கனைகளுக்கு அது பிடிக்கவில்லை. பொதுக்கூட்டத்தில் வாக்கெடுக்கப் போகிறார்கள். நான் பத்திரிகையாளன் என்று மகள் எப்போதோ சொன்னது அவருக்கு நினைவிருந்தது.

"உங்கள் பண்பாட்டில் அந்தச் சின்னத்தின் பொருள் என்ன என்று கூட்டத்தில் வந்து சொன்னால் நன்றாக இருக்கும்" என்றார். "இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு வாக்களிப்பதுதான் நியாயம்."

மிகவும் நியாயமாகப் பேசினார். அதனால் அவரையும் கொஞ்சம் சந்தேகித்தேன்.

அன்று மாலை மகளிடம் சொன்னேன். அவள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றுவதை நிறுத்தினாள்.

"நீங்கள் வரத் தேவையில்லை அப்பா. அது சும்மா கூட்டம். எல்லாரும் சுவிஸ்ஜெர்மன்ல கத்துவினம்."

"உனக்கு அந்தச் சின்னம் இருக்கவேணுமோ, வேண்டாமோ?"

"இருந்தால் நல்லம்."

"ஏன்?"

"அம்மா" என்றாள். மீண்டும் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாள்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. சின்னம் போனால் மனைவியின் சம்மதம் போகும், சம்மதம் போனால் பை திரும்பிப் போகும். பிள்ளை அதைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் நான் கூட்டத்தில் எழுந்து அது திருநீறு என்று சொல்வதற்கு முன், அது திருநீறுதானா என்று எனக்குத் தெரியவேண்டும்.

இதற்கிடையில் ஓர்லிகோனில் இருந்து மனைவியின் அக்கா பேசினாள். அவளுக்குச் செய்தி எப்படிப் போகும் என்பதை நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

"தம்பி, உங்கட பெட்டை திருநீறைத் தலையில வைச்சுக்கொண்டு சேத்துக்குள்ள விழுந்து எழும்புதாம். ஆரோ வெள்ளைக்காரன் பகிடிக்குப் போட்டிருக்கிறான். நீர் பேப்பர்ல இருந்தனீர்தானே? என்னத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறீர்?"

"விசாரிச்சுக்கொண்டிருக்கிறன் அக்கா."

"விசாரிச்சு? பேப்பர்ல இருக்கேக்கையும் இப்பிடித்தானோ? சனம் செத்து எட்டுச் செலவும் முடிஞ்சபிறகுதான் செய்தி வாறது."

கழகத்தின் இணையப் பக்கத்தில் விளக்கம் இருந்தது. மூன்று கோடுகள் எங்கள் மாநிலத்தின் மூன்று ஆறுகள்: ஆரெ, ரொய்ஸ், லிம்மாட். சிவப்புப் புள்ளி அவை சேருமிடம். எழுத்து நடை நன்றாக இருந்தது. எழுதியவர் அந்த இடத்துக்குப் போனதில்லை என்றும் தெரிந்தது.

நான் ஒரு சனிக்கிழமை போனேன். காரை நிறுத்திவிட்டு ஆற்றங்கரை வழியே நடந்தேன். முதலில் ரொய்ஸ் வந்து ஆரெயில் விழுகிறது. அதற்குக் கொஞ்சம் கீழே போய்த்தான் லிம்மாட் வருகிறது. மூன்றும் ஒரு புள்ளியில் சேர்வதில்லை. சமாந்தரமாக ஓடுவதும் இல்லை. யாரோ சின்னத்தைப் பார்த்துவிட்டு அதற்குப் பொருள் தேடியிருக்கிறார்கள். பொருளில் இருந்து சின்னம் வரவில்லை. காருக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் நடுவில் கார் வாங்கிய அன்று வைத்த பொட்டு காய்ந்து, பழுப்பாகி, இருந்தும் இல்லாமலும் இருந்தது. அதை நான் பார்த்தேன் என்றுதான் சொல்லவேண்டும். கவனித்தேன் என்று சொல்லமுடியாது.

அடுத்ததாகச் சாமான் அறைச் சாவி வைத்திருப்பவளைப் பார்க்கப் போனேன். கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருத்தி. முழங்கால் போன பிறகு விளையாடுவதில்லை. நாய்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருக்கிறாள். ஒரு பெரிய வெள்ளை நாயின் காதைப் பிடித்தபடியே பதில் சொன்னாள்.

"ஆறா? என்ன ஆறு?" என்றாள். "அது போன தலைவர் எழுதியது. அவருக்கு ஆறு பிடிக்கும்."

"அப்படியென்றால் கோடுகள்?"

"முதல் ஹெல்மெட்டுகள் பழையவை. ஜெர்மனியில் கலைந்துபோன ஒரு அணியிடம் வாங்கினோம். மோதி மோதி முன்பக்கம் முழுக்க உரசல். பார்க்க அசிங்கமாக இருந்தது. மூட்டுக்குச் சுற்றும் வெள்ளைப் பிளாஸ்டரை எடுத்து நான் ஒட்டினேன்."

"ஏன் மூன்று?"

அவள் என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"இரண்டு போதவில்லை" என்றாள்.

இதை நான் உடனே நம்பினேன். உண்மைக்கு அலங்காரம் குறைவாக இருக்கும். "அப்படியானால் சிவப்புப் புள்ளி?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். நாய்கூட அவளைத் திரும்பிப் பார்த்தது. "அதை நீங்கள் என்னிடம் கேட்கிறீர்களா? உங்கள் வீட்டில் கேளுங்கள்."

வீட்டில் கேட்பதற்கு முன் படங்களைப் பார்த்தேன். கழகத்தின் பக்கத்தில் நூற்றுக்கணக்கான படங்கள். அந்த வருட வசந்தகாலப் பயிற்சிப் படங்களில் கோடுகள் மட்டும் இருந்தன, புள்ளி இல்லை. லோசானில் நடந்த முதல் வெளியூர் ஆட்டத்துக்குப் பிறகு எடுத்த படங்களில் எல்லோருடைய ஹெல்மெட்டிலும் புள்ளி. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று கோணல். மார்க்கரால் வைத்தவை. கோடை நடுவில்தான் கழகம் எல்லாவற்றையும் ஸ்டிக்கராக அச்சடித்து ஒட்டியிருக்கிறது. நான் மைதானத்தில் தூரத்தில் நின்று பார்த்தது அந்த ஸ்டிக்கரைத்தான்.

மகளின் ஹெல்மெட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மற்றவர்களின் புள்ளிகளுக்கு விளிம்பு இருந்தது. அவளுடையதற்கு விளிம்பு இல்லை. நிறமும் வேறு, கொஞ்சம் கருமை கூடிய சிவப்பு. கீழ்ப்பக்கம் வழிந்தமாதிரி ஒரு தடம்.

முடிவு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பிளாஸ்டர் கோடு ஏற்கெனவே இருந்தது. அதைப் பார்த்தவுடன் இவளுக்கு யோசனை வந்திருக்கிறது. நடுவில் ஒரு பொட்டைப் போட்டால் அம்மாவின் கண்ணுக்கு அது திருநீறாகிவிடும். போட்டாள், காட்டினாள், சம்மதம் வாங்கினாள். மற்றப் பிள்ளைகள் விளையாட்டாக அதைப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். கெட்டிக்காரி. கோபம் வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது. மிகவும் அழகாக வந்து விழுந்த செய்தி. இதை மட்டும் நான் ஒரு நாள் வைத்திருக்கவில்லை.

அதன்பிறகு என் பாடு சிக்கலானது. கூட்டத்தில் அது பிளாஸ்டர் என்று சொன்னால், அடுத்த நாளே ஓர்லிகோனுக்குப் போய், அங்கிருந்து மனைவியின் காதுக்கு வந்துவிடும். அவள் சம்மதத்தைத் திருப்பி எடுப்பாள். திருநீறு என்று சொன்னால் நான் அறிந்தே பொய் சொன்னவன் ஆவேன். பிள்ளை தலையோடு தலை மோதுவது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. உண்மையைச் சொல்ல எனக்கிருந்த ஆர்வம் உண்மைக்காகத்தானா என்று என்னையே சந்தேகித்தேன். அந்த வாரம் வீட்டில் நான் சந்தேகிக்காமல் விட்டது குளிர்சாதனப் பெட்டியை மட்டும்தான்.

மனைவியையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டேன்.

"நான் வரேல்லை. எனக்கு உவையின்ர டொச் விளங்காது."

முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க ஆராவ் கிழவிகளோடு சுவிஸ்ஜெர்மனில் கதைத்துச் சண்டையும் பிடிக்கிறவள் சொன்னது இது.

கூட்டம் ஒரு உணவகத்தின் பின்னறையில் நடந்தது. நீண்ட மேசைகள், உருளைக்கிழங்குப் பொரியல் வாசம். பெண்கள் எல்லாம் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே வந்ததும் பலர் எழுந்து கைகொடுத்தார்கள். அது சுவிஸ் வழக்கம், அதில் ஒன்றும் இல்லை. ஆனால் கைகொடுத்த ஒவ்வொருவரும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். முன்வரிசையில் நின்று மோதுகிற, என்னைவிட ஒரு தலை உயரமான பெண் வாய்விட்டே கேட்டாள்:

"அம்மா வரவில்லையா?"

'அம்மா' என்பதைத் தமிழில்தான் கேட்டாள். நான் மகளைப் பார்த்தேன். அவள் உணவுப்பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் பன்றியைப் படமாகக் காட்டினார். நல்ல பன்றி, கோபமான கண். பிறகு என்னை அறிமுகப்படுத்தினார். நான் எழுந்தேன். எங்கள் சமயத்தில் நெற்றியில் மூன்று கோடாகத் திருநீறு பூசுவது வழக்கம், அது எல்லாம் ஒருநாள் சாம்பலாகும் என்பதை நினைவுபடுத்துவது என்று சொன்னேன். தலைவருக்குத் திருப்தி. பிறகு சொன்னேன்:

"ஆனால் உங்கள் ஹெல்மெட்டில் இருப்பது அது அல்ல. நான் விசாரித்த அளவில் அது பிளாஸ்டர். ஆறும் அல்ல. சிவப்புப் புள்ளியை யார் வைத்தது, ஏன் வைத்தது என்று என்னால் உறுதி செய்ய முடியவில்லை. உறுதி செய்யாததை நான் சொல்லமாட்டேன்."

மகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டது எனக்கு நியாயமாகப் பட்டது. உட்காரப் போனேன். ஆனால் அறையில் ஒரு விதமான சிரிப்பு கிளம்பியிருந்தது. கேலிச் சிரிப்பு அல்ல. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை ஒருவன் மட்டும் தெரியாமல் இருக்கும்போது வருகிற சிரிப்பு.

பந்தை எறிகிற பெண், அணித்தலைவி, எழுந்தாள்.

"இவருக்கு உண்மையிலேயே தெரியாதா?" என்று என் மகளைக் கேட்டாள். மகள் தெரியாது என்று தலையை ஆட்டினாள். அணித்தலைவி என்னிடம் திரும்பிச் சொல்லத் தொடங்கினாள்.

லோசானில் அன்று மழை. ஆட்டத்தின் இரண்டாவது பாதியில் என் மகள் மோதி எழுந்தபோது முகக் கம்பிகளுக்குள்ளே மூக்கின் மேல் சிவப்பாக வழிந்தது. நடுவர் விசில் ஊதினார். இரத்தம் வந்தால் ஆள் வெளியே போகவேண்டும், அது விதி. முதலுதவிக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் பார்வையாளர் பக்கக் கயிற்றுக்குக் கீழே குனிந்து ஒரு பெண் ஓடி வந்தாள். ஒரு கையில் குடை, மற்றக் கையில் கைப்பை. மகளின் ஹெல்மெட்டைக் கழற்றி, கழுத்துச் சால்வையால் முகத்தைத் துடைத்து, அந்தச் சால்வையை நடுவரின் முகத்துக்கு நேரே பிடித்தாள். பிறகு தன் நெற்றிப் பொட்டைத் தொட்டு விரலைக் காட்டினாள். சால்வையில் இருந்த அதே சிவப்பு விரலிலும் இருந்தது.

"நடுவர் பிரெஞ்சில் கத்துகிறார், மேடம் தமிழில் கத்துகிறார்" என்றாள் அணித்தலைவி. "நடுவர் சால்வையைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். மகளின் நெற்றியைத் தடவிப் பார்த்தார். காயம் இல்லை. ஆட்டம் தொடர்ந்தது. நாங்கள் மோசமாகத் தோற்றோம். ஆனால் பேருந்தில் வரும்போது யாரோ ஒருத்தி சிவப்பு மார்க்கரை எடுத்தாள், எல்லோரும் வைத்துக்கொண்டோம். மேடம் எல்லோருக்கும் சமோசா தந்தார்."

'மேடம்' என்றால் என் மனைவி. லோசானில் ஒரு உறவினர் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, பார்க்கப் போகிறோம் என்று சொல்லி, மகளோடு ஒரு சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டுப் போனவள்.

வசந்தகாலத்தில் இருந்தே ஒரு அறை நிறைந்த சுவிஸ் பெண்களுக்குத் தெரிந்திருந்த செய்தி எனக்கு வரவில்லை. ஓர்லிகோன் அக்கா சொன்னது சரி என்று நினைத்தேன்.

வாக்கெடுத்தார்கள். பன்றி வென்றது. இலவச ஹெல்மெட்டை வேண்டாம் என்று சொல்லக் கழகத்திடம் வசதி இல்லை. சாமான் அறைக்காரியே பன்றிக்குக் கையுயர்த்தினாள். "பிளாஸ்டர் ஒட்டி எனக்கு அலுத்துவிட்டது" என்றாள்.

காரில் திரும்பும்போது மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"சொல்லக்கூடாது எண்டு அம்மா சத்தியம் வாங்கினவ."

"லோசானில பிள்ளை பிறந்தது?"

"பிறந்தது உண்மை அப்பா. போய்ப் பாத்தனாங்கள்." கொஞ்சம் பொறுத்து, "கொஞ்ச நேரம்" என்றாள்.

"சின்னம் போயிட்டுதே. இனி அம்மா விடுவாவோ?"

அவள் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். இரக்கமாகப் பார்த்தாள் என்றே நினைக்கிறேன். "அதை நீங்கள் அவவிட்டக் கேளுங்கோ. எனக்கும் தெரியாது."

இந்தப் பதில் உண்மை. அவள் கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

மனைவி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. மகள் அறைக்குள் போனாள், கதவைச் சாத்தவில்லை.

"பண்டி வெண்டிட்டுது" என்றேன்.

"வெல்லட்டும்."

"லோசான் கதையும் வந்திட்டுது."

மனைவி ஒரு துவாயை மடித்து வைத்தாள். "சமோசாவைப் பற்றியும் சொன்னவையோ?"

"அது பிளாஸ்டர் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"நான் முதியோர் இல்லத்தில வேலை செய்யிறன். நாளுக்கு எத்தினை பிளாஸ்டர் ஒட்டுறன். எனக்குப் பிளாஸ்டர் தெரியாதோ?"

"அப்ப திருநீறு எண்டு எனக்கேன் சொன்னீர்?"

"உங்களுக்கு ஒரு காரணம் வேணும். காரணம் இல்லாட்டி ஒண்டையும் விடமாட்டியள். துருவித் துருவிக் கேப்பியள். திருநீறு எண்டால் அக்காவும் வாயைப் பொத்துவா எண்டு நினைச்சன். அதுதான் பிழைச்சுப் போச்சு."

பிறகு அவள் மடிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள். அவளை அப்படிக் கூச்சத்தோடு நான் அதிகம் பார்த்ததில்லை.

"அவள் அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில வைச்சிட்டுக் குளிக்கப் போனவள். வரட்டும், வேண்டாம் எண்டு சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். வெள்ளிக்கிழமை. கையில சந்தனமும் குங்குமமும் இருந்தது, சாமிக்கு வைச்சிட்டு வந்தனான். வீட்டுக்கு வந்த புதுச்சாமான். யோசிக்காமல் வைச்சிட்டன். வைச்ச பிறகுதான் பாத்தன், எதுக்கு வைச்சனான் எண்டு."

எங்கள் வீட்டில் எதற்குத்தான் அவள் பொட்டு வைக்கவில்லை? கார், சோறு அவிக்கும் குக்கர், மகளின் முதல் கணினி. நாங்கள் குடிவந்த அன்று நிலவறையில் எல்லா வீட்டுக்கும் பொதுவான துணி தோய்க்கும் இயந்திரத்துக்கும் வைக்க, கட்டிடப் பராமரிப்பாளர் துரு என்று நினைத்துப் பழுதுபார்ப்பவரைக் கூப்பிட்டுவிட்டார்.

"துடைச்சிருக்கலாமே" என்றேன்.

"துடைச்சனான். பிளாஸ்டர் துணிதானே, ஊறிப் போச்சு. போகேல்லை." பிறகு, "பொட்டு வைச்ச சாமானை எப்பிடித் திருப்பிக் குடு எண்டு சொல்லுறது?" என்றாள்.

நான் அவள் மடித்த துவாயை எடுத்து மறுபடியும் மடித்தேன்.

"இனி?" என்று கேட்டேன். "அந்த ஹெல்மெட் போகுது. வேற வருது."

"வரட்டும் பாப்பம்" என்றாள். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உள்ளே அறையில் கட்டில் சத்தம் போட்டது.

புதிய ஹெல்மெட் குளிர்காலம் முடியும்போது வந்தது. அன்று நான் வேலையில் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். முதல் தடவை நடந்ததைக் செவிவழிச் செய்தியாகத்தான் அறிந்தேன். இரண்டாவது தடவை நேரில் பார்க்க விரும்பினேன்.

மகள் பெட்டியைப் பிரித்து, பளபளக்கும் கருநீல ஹெல்மெட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். இந்த முறை குளிக்கப் போகவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வியாழக்கிழமை அது. மனைவியின் கையில் சந்தனமும் இல்லை, குங்குமமும் இல்லை. வெங்காயம் வெட்டிய கத்திதான் இருந்தது. அவள் சுற்றி வந்து பார்த்தாள். பன்றியை உற்றுப் பார்த்தாள். முகக் கம்பிகளை ஆட்டிப் பார்த்தாள். உள்ளே கையை விட்டு மெத்தையை அமத்திப் பார்த்தாள். நெற்றிப் பக்கத்தில் உரசல் எதுவும் இல்லை. அங்கே ஒட்டி மறைக்க ஒன்றும் இல்லை.

"பழையதைவிட மெத்தை தடிப்போ?" என்று கேட்டாள்.

"ஓம் அம்மா. நல்ல தடிப்பு."

"இந்தப் பண்டி ஏன் இப்பிடி முறைக்குது?"

"அது கூரைக் கம்பனியின்ர பண்டி அம்மா."

"பெருமாளும் ஒருக்கால் பண்டியாத்தானே வந்தவர்" என்றாள் மனைவி. கத்தியை வைத்துவிட்டு, கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு சாமியறைக்குள் போனாள்.

மகள் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். மனைவி கிண்ணத்தோடு வந்தாள். இந்த முறை யோசித்துக்கொண்டு வந்தாள் என்பது நடையிலேயே தெரிந்தது. முதலில் சந்தனம், பிறகு அதன்மேல் குங்குமம்.

"கொஞ்சமா அம்மா" என்றாள் மகள். "முதல் ஆட்டம் லோசானில. அங்க எப்பவும் மழை."

"எனக்குத் தெரியாதோ? அந்தச் சனிக்கிழமை நானும் லோசானுக்குப் போகவேணும் அப்பா" என்றாள் மனைவி என்னிடம், கிண்ணத்தை மூடியபடி. "அவையின்ர பிள்ளைக்குப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டுகினமாம்."

அந்தப் பிள்ளை போன வசந்தத்தில் பிறந்தது. கொழுக்கட்டை கொட்டுவது முதல் பல் தெரியும்போது செய்கிற சடங்கு. மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். பல் எப்போதோ முளைத்து, இந்நேரம் கடிக்கவும் தொடங்கியிருக்கவேண்டும்.

"நானும் வாறன்" என்றேன்.

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"நீங்களோ? என்னத்துக்கு?" என்று கேட்டாள் மனைவி. கேட்டுவிட்டு, கண்ணைச் சுருக்கி, நான் என்ன காரணம் சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.